முதியோர் இல்லத்தில் ஜெர்மன் வகுப்பு: ‘சாப்பிட்டாயா?’ என்பதிலிருந்து தொடங்கினோம்

ஜெர்மன் மொழியின் தொடக்கநிலைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: “வீ ஹைஸன் ஸீ?”, அதாவது “உங்கள் பெயர் என்ன?”. கோடம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் இருபது ஆண்டுகளாக இளைஞர்களுக்கு அந்த மொழியைக் கற்பித்த பழக்கத்தில், 2021ஆம் ஆண்டின் இறுதியில் தாம்பரத்தைத் தாண்டியுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் முதல் வகுப்பை எடுத்தபோதும் நான் அதே கேள்வியைத்தான் பலகையில் எழுதினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த, எண்பதைக் கடந்த ஓர் அம்மா கையை உயர்த்தி, “என் பேரனுக்குப் பேர் வெச்சதே நான்தான். அவன்கிட்ட போய் உன் பேர் என்னன்னு நான் ஏம்மா கேக்கணும்?” என்றார். வேடிக்கைக்காக அவர் அதைக் கேட்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை, அது நியாயமான கேள்விதான் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அப்படியானால் அவனிடம் என்ன கேட்க வேண்டும்?” என்றேன். “சாப்பிட்டியான்னு கேக்கணும்” என்றார்.

அன்றைக்கு எழுதியதை அழித்துவிட்டு, “ஹாஸ்ட் டூ ஷோன் கெகெஸ்ஸன்?” என்று எழுதினேன். பாடநூலின் கணக்கில் அந்த வாக்கியத்தில் இருக்கும் வினை வடிவம் பல வாரங்கள் கழித்து வர வேண்டியது. ஆனால் அன்று வந்திருந்த ஏழு பேரும் நாற்பது நிமிடங்களில் அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். அவர்களில் ஐவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே தொலைபேசியில் அதைக் கேட்டும் விட்டார்கள். முதியவர்களுக்கு மொழி கற்பிப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் முக்கியமானது அந்த முதல் நாளிலேயே எனக்குச் சொல்லப்பட்டது என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் ஒரு மொழியைக் கற்க வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட குழந்தையிடம் பேசுவதற்காக வருகிறார்கள். அந்தக் குழந்தையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அதற்கான சொற்களை எடுத்துக் கொடுப்பது மட்டுமே ஆசிரியரின் வேலை.

இந்தத் தேவை எங்கிருந்து எழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட், மியூனிக் போன்ற நகரங்களுக்கு வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளின் வீடுகளில் பெற்றோர் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் குழந்தை மூன்று வயதுக்குள் மழலையர் காப்பகத்துக்குச் செல்லத் தொடங்கிவிடுகிறது. அங்கே நாள் முழுவதும் ஜெர்மன் மொழிதான். நான்கைந்து வயதில் அது தமிழைப் புரிந்துகொள்ளும், ஆனால் ஜெர்மனில் பதில் சொல்லும். வாராந்தர அழைப்பில் தாயோ தந்தையோ நடுவில் நின்று இருபக்கமும் மொழிபெயர்ப்பார்கள். இரண்டு நிமிடங்களில் குழந்தைக்குச் சலித்துவிடும், எழுந்து ஓடிவிடும். இங்கே கைப்பேசியைப் பிடித்திருக்கும் பாட்டிக்கு அந்த இரண்டு நிமிடங்கள்தான் அந்த வாரம்.

இல்லத்தின் நிர்வாகத்தினர் என்னை அழைத்தபோது, இதனால் ஞாபக சக்தி வளருமா என்று கேட்டார்கள். குடும்பத்தினரும் இன்றுவரை அதையே கேட்கிறார்கள். எலன் பியாலிஸ்டாக் என்ற கனடிய உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாள் முழுவதும் இருமொழிகளைப் புழங்கியவர்களிடம் மறதி நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியதாகக் கண்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சில அதை ஏற்றன, சில ஏற்கவில்லை. எப்படியானாலும் அது வாழ்நாள் முழுவதும் இருமொழி பேசியவர்களைப் பற்றிய செய்தி; எண்பது வயதில் வாரம் இருமுறை நாற்பது நிமிடம் அமர்பவர்களைப் பற்றியது அன்று. அதிலும் சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தின் கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் தெலுங்கும் கலந்து ஒலிப்பது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே நான் எந்த மருத்துவ வாக்குறுதியும் கொடுப்பதில்லை. “பேரனோடு பேசலாம்” என்று மட்டும் சொல்கிறேன், அது போதுமானதாகவே இருக்கிறது.

வகுப்பு நடக்கும் நேரமும் இடமும் பாடத்தைவிட முக்கியமானவை என்பது எனக்குப் புரிய ஆறு மாதங்கள் ஆயின. முதலில் மாலை நான்கரை மணிக்கு வைத்திருந்தேன். அந்நேரத்தில் சிலர் களைத்திருந்தார்கள். மறதி நோயின் தொடக்கத்தில் இருந்த இருவருக்குச் சாயங்காலம் நெருங்க நெருங்கக் குழப்பமும் பதற்றமும் கூடின. காலை எட்டரைக்கு மாற்றியபோது, இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார்கள். இறுதியில் பத்தரை மணி என்று நிலைத்தது. மாத்திரையின் வேகம் அடங்கியிருக்கும், காபி முடிந்திருக்கும், பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். கழிப்பறைக்கு அருகில் உள்ள அறையையே கேட்டு வாங்கினேன். நடுவில் யாரும் அனுமதி கேட்காமல் எழுந்து போய்வரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

செவித்திறன் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகமாகத் தவறு செய்தது அங்கேதான். முதுமையில் காது மந்தமாகும்போது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள்தான் முதலில் மறைகின்றன. ஸ், ஷ், ஃப், ட்ஸ் போன்ற ஒலிகள் அந்த வகையைச் சேர்ந்தவை, ஜெர்மன் மொழியோ அவற்றால் நிரம்பியது. பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்பது கேட்காது. அப்போது நாம் குரலை உயர்த்தினால் உயிரெழுத்துகள்தான் பெரிதாகின்றன. மறைந்த மெய்கள் மறைந்தவையாகவே இருக்கின்றன, கேட்பவருக்கோ தம்மைக் கடிந்துகொள்வதுபோல் இருக்கிறது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் இரைச்சல் அந்த ஒலிகளை மேலும் மூடிவிடுகிறது, காதுக்கருவி அணிந்தவருக்கு அந்த இரைச்சலே பெரிதாகக் கேட்கிறது. சென்னையின் மே மாதத்தில் விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே கூரை விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, மேசை விசிறி ஒன்றை அறையின் கோடியில் வைத்தோம். எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, அரைவட்டமாக அமர்வோம், நானும் அவர்களுடைய கண்மட்டத்தில் நாற்காலியில் அமர்ந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தில் வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொள்வேன். கொரோனா காலத்து முகக்கவசம் என் உதடுகளை மறைத்திருந்த முதல் சில வாரங்களில், நன்றாகக் கற்கக்கூடிய இருவரை மெதுவாகக் கற்பவர்கள் என்று நான் தவறாக எடைபோட்டிருந்தேன். கவசம் இல்லாமல் பேசத் தொடங்கிய நாளில்தான் அவர்கள் இத்தனை நாளும் என் உதடுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது.

தொலைபேசியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ஜெர்மனில் இரண்டுக்கு “ட்ஸ்வை”, மூன்றுக்கு “ட்ரை”. முன்னால் உள்ள மெய் கேட்காவிட்டால் இரண்டும் ஒன்றே. ஜெர்மானியர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு என்பதால், தொலைபேசியில் எண் சொல்லும்போது இரண்டை “ட்ஸ்வோ” என்று மாற்றிச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லி, அழைப்புகளில் பேரக் குழந்தைகளையும் “ட்ஸ்வோ” என்றே சொல்லப் பழக்கினோம். அதோடு “லாங்ஸாம், பிட்ட” (மெதுவாக, தயவுசெய்து), “நொஃக் ஐன்மால், பிட்ட” (இன்னொரு முறை, தயவுசெய்து) என்ற இரண்டையும் ‘சாப்பிட்டாயா’வுக்கு அடுத்த நாளே கற்பித்துவிட வேண்டும். இவ்விரண்டும் கைவசம் இருந்தால் குழந்தை பேசுவது புரியாவிட்டாலும் உரையாடல் அறுந்துபோவதில்லை.

எங்கள் வகுப்பில் ஓர் அம்மா இருக்கிறார். ஓர் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்தி தொலைபேசியில், அம்மாவும் தானும் கேக் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஜெர்மனில் அடுப்பில் சுடுவதற்கும் ‘பாக்கன்’, மூட்டை கட்டுவதற்கும் ‘பாக்கன்’. முதலாவது அழுத்திச் சொல்லும் ப, பெங்களூரின் முதலெழுத்தைப் போல. இரண்டாவது பம்பாயில் இல்லாத, பழத்தில் உள்ள ப. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். அந்த அம்மா, மகள் குடும்பம் ஊருக்கு வர மூட்டை கட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை அலமாரியிலிருந்து புதிய போர்வைகளை எடுத்து உதறி வெயிலில் போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவர் அதைச் சொன்னபோதுதான் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அன்று நான் சொல்லிக் கொடுத்தது எதுவும் அவருக்குப் பயன்படவில்லை. அவரே வழியைக் கண்டுபிடித்தார். பிட்மன் சுருக்கெழுத்தில் இவ்விரு ஒலிகளுக்கும் ஒரே கோடுதான். மெல்லிய கோடாக இழுத்தால் வல்லொலி, பென்சிலை அழுத்தித் தடித்த கோடாக இழுத்தால் அதிர்வுள்ள ஒலி. ட, த, க போன்றவற்றுக்கும் அப்படியே இணைகள் உண்டு. அவர் தம் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளில் சாய்வாக ஒரு மெல்லிய கோட்டையும் பக்கத்தில் ஒரு தடித்த கோட்டையும் இழுத்தார். விரல் நடுங்கியது, ஆனாலும் தடிமன் மாறவில்லை. மெல்லியதைக் காட்டி “இது மூட்டை”, தடித்ததைக் காட்டி “இது கேக்கு” என்றார். அன்றிலிருந்து எங்கள் வாக்கியத் தாள்களில் அதிர்வுள்ள எழுத்துகளுக்குக் கீழே ஒரு தடித்த கோடு போடுகிறோம்.

அதுவரை ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள நான் அனுமதித்ததில்லை. உச்சரிப்பு கெட்டுவிடும் என்பது நான் பயின்ற ஆசிரியப் பயிற்சியின் பாடம். தேர்வுக்குப் போகும் இளைஞர்களுக்கு அது சரி. இவர்கள் யாரும் தேர்வெழுதப் போவதில்லை. கண்புரை படர்ந்த கண்களுக்கு ரோமன் எழுத்தின் மேலுள்ள இரட்டைப் புள்ளிகள் தெரிவதும் இல்லை. இப்போது தமிழ் எழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு வரும்படி, கறுப்பு மையால், பளபளப்பில்லாத தாளில் எழுதுகிறோம். பிளாஸ்டிக் உறை போட்ட தாளில் குழல்விளக்கின் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

முதியவர்கள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை என்பதை இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘எட்டு’ என்பதற்கான சொல்லில் தொண்டையிலிருந்து வரும் ஒலியைக் கேட்டதுமே, “அஃது, எஃகு என்று சொல்லும்போது வருகிற ஆய்தம்தானே இது?” என்றார். அதற்குப் பிறகு அந்த ஒலியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “களைப்பாக இருக்கிறேன் என்பதால்” என்பதை ஜெர்மனில் சொல்லும்போது வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்றதும், நம் வாக்கியத்தைப் போலத்தானே என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி; ஆங்கிலம் மட்டும் அறிந்த இளைஞர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் அது. இந்திப் பிரச்சார சபையின் பிராத்மிக், மத்யமா தேர்வுகளை இளமையில் எழுதியவர்கள் பலர். ஜெர்மனில் எழும், நாற்காலியும் மேசையும் ஆண்பாலா பெண்பாலா என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதன்று. இந்தியில் ஏற்கெனவே பட்ட பாடு.

மறதி நோய் முற்றத் தொடங்கியிருந்த ஒரு மாமி, முன்பு பள்ளியில் சமஸ்கிருதம் கற்பித்தவர். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில் இராது. ஜெர்மனில் இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று ஒற்றை எண்ணை முன்னால் வைத்துச் சொல்வார்கள், “ஐன்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஷ்”. மற்றவர்கள் அதில் தடுமாறிக்கொண்டிருந்தபோது மாமி தாமாகவே, “ஏகவிம்சதி, த்வாவிம்சதி, த்ரயோவிம்சதி” என்று சொல்லிக்கொண்டு போனார். அங்கும் ஒற்றை எண்தான் முன்னால். அவர் அந்த ஜெர்மன் எண்ணை அடுத்த வகுப்பில் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் நான் “ஏகவிம்சதி” என்று எடுத்துக் கொடுத்தால், சில நொடிகளில் ஜெர்மனில் எண்ணத் தொடங்கிவிடுவார். இத்தகையவர்களை வகுப்பிலிருந்து விலக்க வேண்டாம் என்று இல்லங்களைக் கேட்டுக்கொள்கிறேன். புதியதைத் தனியாக நினைவில் நிறுத்த அவர்களால் முடியாமல் போகலாம். பழையதன் தோளில் ஏற்றிவிட்டால் அது சிறிது தூரம் வரும். வகுப்பில் அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்தான்.

மரியாதைச் சொற்களைப் பற்றி ஒரு நாள் முழுவதும் பேசினோம். ஜெர்மனில் ‘ஸீ’ என்றால் நீங்கள், ‘டூ’ என்றால் நீ. பேரன் தன்னை ‘டூ’ என்றே அழைப்பதை அறிந்து, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மிகவும் வருந்தினார். குடும்பத்துக்குள் ‘ஸீ’ என்றால்தான் அந்நியப்படுத்துவதாகப் பொருள் என்று விளக்கினேன், அது அவருக்குப் போதவில்லை. பக்கத்திலிருந்த அம்மா, “உங்க வீட்டுப் பசங்க பாட்டிய நீன்னுதானே கூப்பிடுவாங்க? அதுல மரியாதை கொறஞ்சா போச்சு?” என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் அ, ஆ எழுதித் தமிழ் கற்றதையும், பத்தே ஆண்டுகளில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானதையும் அன்று சொன்னேன். “அவரு நம்ம பசங்ககிட்ட கத்துக்கிட்டாரு, நாம அவங்க ஊர்ல இருக்கிற நம்ம பசங்ககிட்ட கத்துக்கிறோம்” என்றார் ரயில்வே ஐயா.

உணவைப் பற்றிய வகுப்பும் மொழியைவிடப் பழக்கவழக்கத்தையே அதிகம் வேண்டியது. ‘சாப்பிட்டாயா’வுக்குப் பதிலாகக் குழந்தைகள் “ப்ரோட் உண்ட் கேஸ” என்றார்கள், ரொட்டியும் பாலாடைக் கட்டியும். இரவில் குழந்தைக்குச் சூடாக ஒன்றும் சமைத்துப் போடவில்லையா என்று பாட்டிகள் கலங்கி, மருமகள்களிடம் கேட்டு, இரண்டு வீடுகளில் மனத்தாங்கலே வந்துவிட்டது. மாலையில் சமைக்காத ரொட்டி உணவை உண்பது அந்நாட்டின் நெடுநாள் வழக்கம், மதியச் சாப்பாடுதான் அங்கே சூடானது என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கேள்வியைக் கற்பிக்கும்போது வரக்கூடிய பதில்களையும், அந்தப் பதில்களுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே பதிவு செய்வது என் கடமை. முதல் ஆண்டு நிறைவில், இல்லத்தின் ஆண்டு விழாவில் வகுப்பினர் மேடையேறி ஜெர்மனில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. நானும் பெருமையோடு ஒப்புக்கொண்டேன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார். கீழிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், பலர் கைதட்டினார்கள். கைதட்டியதுதான் அவரை அதிகம் காயப்படுத்தியது என்று பின்னர் அறிந்தேன்; குழந்தைக்குத் தட்டுவதுபோல் தட்டினார்கள் என்றார். இரண்டு மாதங்கள் அவர் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் மாதம் அவருடைய அறைக்குச் சென்று, எண்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தர ஆளில்லை, காசோலையில் எழுதுவதுபோல் தெளிவாக எழுதக்கூடியவர் வேண்டும் என்று கேட்டேன். அது உண்மையும்கூட. நூறு வரை எழுதி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். அதன் பிறகு எங்களிடம் மேடையும் இல்லை, தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. பிழையைத் திருத்துவதற்கு, அவர்கள் சொன்னதையே நான் சரியான வடிவில் மறுமொழியாகச் சொல்கிறேன். ‘வெரி குட்’ என்று சொல்வதை முற்றிலும் நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொரு வகுப்பும் தனித்து நிற்க வேண்டும், ஏனெனில் போன வாரம் வந்தவர் இந்த வாரம் மருத்துவமனையில் இருக்கலாம். ஒரு வகுப்புக்கு ஒரு வாக்கியம், அதற்கு இரண்டு பதில்கள். மறதியின் போக்கை அளந்து 1885இல் நூலாக வெளியிட்ட எப்பிங்கவுஸும் ஒரு ஜெர்மானியர்தான். கற்றதை உடனேயும், பிறகு இடைவெளியைக் கூட்டிக் கூட்டியும் நினைவுபடுத்திப் பார்த்தால் அது நிலைக்கும் என்பது அவர் வழியில் வந்த பாடம். அதைப் பணியாளர்களைக் கொண்டு செய்கிறோம். மதியம் சாப்பாடு பரிமாறும்போதும், மறுநாள் காபி கொடுக்கும்போதும், மூன்று நாள் கழித்தும் அவர்கள் அந்த ஒரே வாக்கியத்தைக் கேட்பார்கள். கைப்பேசிச் செயலி ஒன்றையும் முயன்று பார்த்தோம். பதில் சொல்ல அது கொடுக்கும் நேரம் போதவில்லை, வறண்ட விரல்நுனியைத் திரை பல நேரம் உணரவும் இல்லை. குரல் பதிவுகள்தான் மிகவும் பயன்பட்டன: பேரன் அனுப்பியதை எத்தனை முறையும் கேட்கலாம், பதிலை நான்கு முறை அழித்துவிட்டு ஐந்தாவதை அனுப்பலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. தொடர்பு மீண்டதும் முதலில் சென்ற பதிவு, வங்கி ஐயா தம் பேத்திக்கு அனுப்பிய “உன்ஸ் கேட் எஸ் கூட்”, நாங்கள் நலமாக இருக்கிறோம் என்பது. அவர் அதை யாரும் எடுத்துக் கொடுக்காமல் சொன்னார்.

அந்தப் பணியாளர்களில் ஒருவர் விழுப்புரத்திலிருந்து வந்த இளம் செவிலியர். ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரிய விரும்பி, அம்மொழியின் பி2 (மேல் இடைநிலை) தேர்வுக்குத் தனியே படித்துக்கொண்டிருந்தார். “வோ டூட் எஸ் வே?”, எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பழக அவருக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள், எங்கள் வகுப்பினர் நோயாளிகளாக இருக்க ஒப்புக்கொண்டார்கள். முதல் முறை அவர் நின்றுகொண்டே கேட்டதும் சுருக்கெழுத்து அம்மா, “மொதல்ல ஒக்காரு. கையப் புடி. அப்புறம் கேளு” என்றார். அந்தச் செவிலியர் இப்போது ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அங்கும் உட்கார்ந்த பிறகுதான் கேட்கிறாராம்.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நாலரை மணி என்பதை ஜெர்மனில் “ஹால்ப் ஃப்யுன்ஃப்”, ‘பாதி ஐந்து’ என்பார்கள். நாம் நான்கைக் கடந்த அரையைச் சொல்கிறோம், அவர்கள் ஐந்தை நோக்கிய அரையைச் சொல்கிறார்கள். ரயில்வே ஐயா அதை ஐந்தரை என்று எடுத்துக்கொண்டு, இங்கே எட்டு மணிக்கு வந்த அழைப்புக்கு ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இன்னொன்று, ஜெர்மனியில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நமக்கும் அவர்களுக்குமான இடைவெளி கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. இதை அறியாத இல்லங்களில் முதியவர்கள் அக்டோபரில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீணாகக் காத்திருப்பார்கள், மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னதாக வரும் அழைப்பைத் தவறவிடுவார்கள். முதல் ஏமாற்றத்துக்குப் பிறகு ரயில்வே ஐயா, ரயில் கால அட்டவணையைப் போலவே கட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டு அழைப்பும் இங்கே எத்தனை மணிக்கு வரும் என்ற தாளை ஆண்டுக்கு இருமுறை எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டிவந்தார்.

சென்ற ஆவணியில் அவர் காலமானார். அந்த வாரம் வகுப்பு வேண்டாம் என்று நான் நினைத்தேன். அவர்கள் வைக்கச் சொன்னார்கள். அவருடைய நாற்காலியை எடுக்காமல், அரைவட்டத்தில் அதன் இடத்திலேயே விட்டுவைத்தோம். புதிய வாக்கியம் எதையும் தொடங்கவில்லை.

இந்த அக்டோபருக்கான அட்டவணையை வங்கி ஐயா எழுதியிருக்கிறார். கட்டங்கள் பழைய தாளில் உள்ளபடியே, ரயில்வே ஐயாவின் பேரனுக்கான வரியும் அப்படியே இருக்கிறது. அந்தப் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துத் தொலைபேசிக்கு அழைத்து, யார் எடுத்தாலும் அவர்களோடு மெதுவாகப் பேசுகிறான். கடைசி ஞாயிறு முதல் சுருக்கெழுத்து அம்மாவின் அழைப்பு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்கு மாறுகிறது. ஒன்பது மணிக்குக் கூடத்தின் விளக்கை அணைப்பது இல்லத்தின் வழக்கம். ஞாயிறுகளில் மட்டும் ஒன்பதரை வரை எரியவிட மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.